அழாத தூளிகள்

"ஆயா, எங்க தம்பிப் பாப்பா ஏன் அழவே மாட்டேங்குது?" என்று சோனியா ஒருநாள் கேட்டாள். ஆறு வயதுப் பெண். பள்ளி விட்டதும் அம்மா பாகீரதியைத் தேடி பெங்களூர் அடுகோடியில் உள்ள எங்கள் ஷெட்டுக்கு வந்துவிடுவாள். "நல்ல பிள்ளைங்க அழாது கண்ணு" என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை. அன்று வேறு பதில் தோன்றவில்லை.

எங்கள் ஷெட்டில் பட்டு நூல் முறுக்குகிறார்கள். தலைமுடியைவிட மெல்லிய நூல். ஒவ்வொருத்திக்கும் நூல் சுற்றும் கதிர் நூறு. கண்ணை எடுத்தால் நூல் அறுந்துவிடும். குழந்தை அழுதால் எந்தத் தாய்க்குக் கண் நிலைக்கும்?

முதலாளி சுந்தரம் கெட்டவர் அல்ல. "இந்த மாசம் பார்க்கிறேன் ஆயா. இல்லேன்னா கைக்குழந்தைக்காரங்க யாரும் வேணாம்" என்றார். தூளிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நான்கு பெண்களின் பிழைப்பு. பிள்ளையாரை வேண்டிக்கொண்டு, தினமும் காலையில் ஒவ்வொரு குழந்தைக்கும் தூக்கம் வரும் இருமல் மருந்து ஒரு மூடி கொடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. செய்த உதவியைச் சொல்லிக்காட்டக் கூடாது.

அழுகை நின்றது.

"ஆயா ஏதோ மந்திரம் போடுது" என்றாள் அந்த நால்வரில் ஒருத்தியான ஆஞ்சலா. "எங்க வீட்டுக்காரருக்கும் ஒருவாட்டி போடு ஆயா. குடிக்காம தூங்கட்டும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வியாழக்கிழமை பாகீரதியின் மகனுக்குச் சளி. ஐந்து மாதக் குழந்தை. ஒரு மூடிக்கு அடங்கவில்லை. அவள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். இரண்டு முறையும் நூல் அறுந்தது. சுந்தரம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். இன்னொரு மூடி கொடுத்தேன். பகல் சாப்பாட்டுக்கு வந்து பால் கொடுத்துவிட்டுப் போனாள். மறுபடி முனகினான். மூன்றாவது மூடியையும் கொடுத்தேன்.

நாலு மணிக்கு நான் தூக்கியபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

பால் புரையேறியிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். "தோள்ல போட்டுத் தட்டாம வந்துட்டேனே ஆயா, நானே கொன்னுட்டேனே" என்று பாகீரதி மார்பில் அடித்துக்கொண்டாள். நான்தான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஷெட்டை மூடுவார்கள், நாலு குடும்பமும் தெருவில் நிற்கும். அவளுக்கு ஆறுதல் சொல்லவும் ஆள் இருக்காது.

என் கையால்தான் போனான். அதை நான் மறைக்க நினைக்கவில்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். மற்ற மூன்று குழந்தைகளுக்கும் இப்போது அரை மூடிதான்.

பதினாறு நாள் கழித்து பாகீரதி வேலைக்கு வந்தாள். தூளிப் பக்கமே திரும்புகிறாள், நூல் அடிக்கடி அறுகிறது. அவள் முகம் கழுவப் போகும்போது நான் போய் அறுந்த நுனிகளைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டு வைக்கிறேன். ஒருவரும் பார்ப்பதில்லை.

நேற்று திரும்பி வந்தவள், எல்லாக் கதிரும் ஓடுவதைப் பார்த்து ஒரு நொடி நின்றாள். பிறகு வேலையில் குனிந்தாள். அவளுக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன்.