மலைக்குப் பின்னால் ஒரு மேடு

பேனா இருந்தால் கொடுங்கள் சார், படம் போட்டுக் காட்டினால் சீக்கிரம் புரியும். இதோ, இது ஒரு மலை. எங்கள் லேப் கருவிக்குள் மருந்துக் கரைசலைச் செலுத்தினால் திரையில் ஒரு கோடு இப்படி எழும்பி இறங்கும். மலை ஒற்றையாக நின்றால் மருந்து சுத்தம். பக்கத்தில் இன்னொன்று முளைத்தால் வேண்டாதது ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக அதைப் பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு.

மருந்தை உருவாக்குகிறவர் என் தங்கை வீட்டுக்காரர். மாப்பிள்ளை கெட்டிக்காரர், நான் ஒருநாளும் மறுத்ததில்லை. பதினெட்டுப் படிகளில் ஒரு மூலக்கூறைக் கட்டி எழுப்பினார். தசைகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய்க்கு மருந்து. என் தங்கைக்கு அந்த நோய்தான். முதலில் ஸ்பூன் கையில் நிற்கவில்லை, பிறகு கழுத்தே நிற்கவில்லை. வீட்டில் எல்லாரும் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பெற்ற அம்மாவே என்னைப் பற்றிக் கேட்டால், "அவன் ஏதோ மெஷின் பாத்துக்கறான்" என்பாள்.

மூன்று வருடத்துக்கு முன் அவருடைய வேறொரு மருந்தில் சின்ன மேடு ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னேன். கூட்டத்தில் அவர் சிரித்தார். "மச்சானுக்குக் கண்ணாடி மாத்தணும் போல. எறும்பு ஊர்ந்தாக்கூட யானைங்கறாரு." எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். மேடு உண்மை என்று பிறகு தெரிந்தது. சத்தம் போடாமல் திருத்திக்கொண்டார். நான் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, மணி பதினொன்று பத்து.

தங்கைக்கான மருந்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் நன்றாகப் போயிற்று. மனிதர்களுக்கென்று புதிதாகக் காய்ச்சியது என் மேசைக்கு வந்தது. மலையின் தோளோடு ஒட்டி ஒரு மேடு. எழுதிக் கொடுத்தால் ஆறு மாதம் தள்ளிப்போகும். அவளுக்கு ஆறு மாதம் ஏது? மலை எங்கே முடிகிறது என்று திரையில் காட்டும் எல்லைக்கோட்டை நூலளவு நகர்த்தி மேட்டை மலைக்குள் சேர்த்துவிட்டேன். யார் நகர்த்தியது, எத்தனை மணிக்கு என்று கருவி குறித்துக்கொள்ளும். அதை வைத்துத்தானே நீங்களும் வந்தீர்கள்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை என் அறைக்கே வந்தார். உட்காரவில்லை.

"மச்சான், கடைசிப் படியில சூடு கொஞ்சம் ஏறிடுச்சு. மனசு கெடந்து அடிச்சுக்குது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திடறேன். உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

மூன்று வருடமாக நான் எதிர்பார்த்த பணிவு அது. இன்னொரு தடவை சொல்லவைக்கலாமா என்றுகூட நினைத்தேன்.

"பளிங்கு மாதிரி இருக்கு மாப்ள. தைரியமா போடுங்க."

சோதனைக்குச் சேர்ந்த ஐந்து பேரில் தங்கையும் ஒருத்தி. ஊசிக்கு முன்னால், "அண்ணா, நீ பாத்துட்டல்ல?" என்றாள். "பாத்துட்டேன்மா" என்றேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை.

நாலாம் நாள் அவள் கண்கள் மஞ்சளாயின. ஈரல் போகிறது என்றார்கள். "மருந்துல வேற எதாவது கலந்திருந்துச்சா? தெரிஞ்சா இப்பவே எதாவது செய்யலாம்" என்று டாக்டர் கேட்டார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். இல்லை என்று தலையசைத்தேன். "எங்க மச்சான் பாத்தா தப்பாது சார்" என்று அவரே டாக்டரிடம் சொன்னார். பதினோராம் நாள் தங்கை போய்விட்டாள். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர்.

அந்த மூலக்கூறு நல்ல மூலக்கூறு சார். சுத்தமாக இருந்திருந்தால் அவள் எழுந்து நடந்திருப்பாள். மாப்பிள்ளைக்கு அது தெரியாது. தான் கட்டியதே விஷம் என்று நினைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் என் காலடியில் உட்கார்ந்து அழுதார். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"எல்லாராலயும் எல்லாம் முடியுமா மாப்ள, விடுங்க" என்றேன்.

சொன்னபோது நெஞ்சு நிறைந்திருந்தது. தங்கை மேல் வைத்த பாசம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.