எண்பதாவது மடிப்பு

கை கழுவாமல் காகிதத்தைத் தொடுகிறவர்களோடு எனக்கு எப்போதும் ஒத்துப்போனதில்லை. இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்ததும் முதலில் கை கழுவ இடம் கேட்டேன். அதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருபது வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன், பழக்கம்.

கேட்டதற்கு வருகிறேன். ஒரே சதுரத் தாள். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. அதிலிருந்து ஆறு காலும் இரண்டு மீசையுமாக ஒரு பூச்சியை எடுத்துவிடுவார் அவர். ஒரிகாமி என்கிற காகித மடிப்புக் கலைப் பைத்தியங்கள் எங்களுக்குள் அவருக்குக் கொக்கு என்று பெயர். நீளக் கால், வளைந்த கழுத்து. அவருடைய முதல் புத்தகம் என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது, பார்த்து மடிக்க ஒன்று, தொடாமல் வைக்க ஒன்று. அடுத்த புத்தகத்துக்கு ஒன்பது வருடம் காத்திருந்தேன். கட்டிக்கொண்டவளுக்காக ஒரு நாள் காத்திருந்ததுண்டா என்று கேட்டுவிட்டுத்தான் என் மனைவி அவள் அம்மா வீட்டுக்குப் போனாள்.

புதுப் புத்தகம் வருகிறது என்று தெரிந்ததும் அவருக்குக் கடிதம் எழுதினேன். படங்களைப் பார்த்து மடித்து, வாசகன் எங்கே தடுக்கி விழுவான் என்று சொல்ல அவருக்கும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஒவ்வொரு மடிப்பும் முடிந்த நேரத்தைப் படத்தின் பக்கத்தில் குறிக்க வேண்டும். எது சுலபம், எது கடினம் என்று அதில்தான் தெரியும். மூன்று மாதம் ஞாயிறுதோறும் போனேன்.

ஆனால் அவரைக் கிட்டத்தில் பார்த்திருக்கக் கூடாது. விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு மடிப்பார். மூக்கைத் துடைத்த அதே கையால் தாளை நீவுவார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. ஆசையாக மடித்துக் கொடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாமல் வழியிலேயே குப்பைத்தொட்டியில் போட்டிருக்கிறேன். சேற்றில்தானே செந்தாமரை என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

புத்தகத்தின் பதினான்காவது உருவம் கரப்பான்பூச்சி. மொத்தம் தொண்ணூற்றிரண்டு மடிப்பு. அறுபத்தெட்டு வரை படம் வரைந்துவிட்டார். மிச்சம் அவர் தலைக்குள் இருந்தது. உயிருள்ள கரப்பானைக் கண்டால் நான் அந்த அறையிலேயே நிற்க மாட்டேன். இது உலகத்திலேயே சுத்தமான கரப்பான். கொக்குக்கு ஒன்றே மதி என்பார்கள். அந்த மூன்று மாதமும் எனக்கும் அப்படித்தான்.

கடைசி ஞாயிறு அவர் மனைவி தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"தம்பி, நான் வர சாயங்காலம் ஆயிடும். ரெண்டு மணிக்கு அவருக்குச் சாப்பாடு எடுத்து வச்சிடு. சொல்லலேன்னா சாப்பிடவே மாட்டாரு."

அக்கா போன பிறகு, பத்து நாற்பதுக்கு அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்தது. இடது கை தொங்கியது. நாற்காலியிலிருந்து சரிந்து தரைக்கு வந்துவிட்டார். வாய் கோணினால், கை தொங்கினால், ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள் என்ற சுவரொட்டி என் கடையிலேயே இருக்கிறது. ஒட்டியவன் நான்தான். ஆகவே தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரிந்ததால்தான் யோசித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் பேச்சு நின்றுவிடலாம். மிச்சமிருந்த இருபத்துநான்கு மடிப்பும் அதோடு போய்விடும்.

"ஃபோன் பண்ணு," என்றார். நாக்கு குழறினாலும் புரிந்தது.

"பண்றேன் சார். அறுபத்தொம்பது சொல்லுங்க."

கெட்டிக்கார மனிதர், இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் மடித்தேன், வரைந்தேன், நேரம் குறித்தேன். ரொம்ப அவசரப்பட்டார். அவசரத்தில் போட்ட மடிப்பு கடைசி வரை கோணல்தான் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். எனவே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். நடுவில் உடையிலேயே சிறுநீர் கழித்துவிட்டார். ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

பதினொன்று இருபத்தைந்துக்கு எழுபத்தொன்பது முடிந்தது. எண்பதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாமல், காட்டுகிறேன் என்று நல்ல கையை நீட்டிக் குனிந்தார். கோணிய வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கிக் கரப்பானின் முதுகில் விழுந்தது.

நீங்களே சொல்லுங்கள், அதை எப்படித் தொடுவது. எடுத்துக் குப்பையில் போட்டேன். கை கழுவினேன். புதுத் தாள் எடுத்து முதல் மடிப்பிலிருந்து ஆரம்பித்தேன்.

அதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கெஞ்சினார், பிறகு திட்டினார், பிறகு அழுதார். எண்பதைத் தொடாமல் தள்ளியிருந்தே காட்ட வைத்தேன். இரண்டு ஐந்துக்குத் தொண்ணூற்றிரண்டும் முடிந்தது. சொன்னபடி சாப்பாட்டையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் ஃபோன் செய்தேன். எப்போது விழுந்தார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இரண்டு மணி என்றேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். மூன்றாம் நாள் இறந்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. நான் நினைத்தது சரியாகத்தான் இருந்தது.

போன வாரம் அச்சுக்கு அனுப்பப் படங்களை அடுக்கும்போது அக்கா நேரக் குறிப்புகளைப் பார்த்திருக்கிறார். அவற்றை அழிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

"எழுபத்தொம்பது, பதினொன்னு இருபத்தஞ்சு. எண்பது, ஒன்னு இருபது. ஒரு மடிப்புக்கு ரெண்டு மணி நேரமா தம்பி?"

"எச்சில் பட்டுடுச்சுக்கா. திரும்ப முதல்லேருந்து மடிச்சேன்."

"யாரு எச்சில்?"

சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்க, எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா முதலில் பதிப்பாளரைக் கூப்பிட்டுக் கரப்பானை எடுத்துவிடச் சொன்னார். வெள்ளிக்கிழமை வரும் புத்தகத்தில் பதின்மூன்று உருவங்கள்தான் இருக்கும். அடுத்து உங்களைக் கூப்பிட்டார். அப்புறம், நான் கொண்டுபோய் மேசையில் வைத்திருந்த கரப்பானின் மேல் காறித் துப்பினார்.

அது அவருடைய புருஷனின் கடைசி வேலை. இத்தனையிலும் மனசாட்சி இல்லாத காரியம் என்று நான் கண்டது அது ஒன்றுதான்.