வெலெபித் மலைமேல் பூட்டிக்கொண்ட கதவு

தூனியா: ...இரு, இரு. மூடிட்டியா?

ஷிமே: மூடிட்டேன்.

தூனியா: ஸ்க்ரீன்ல திறந்திருந்த ஒரே லாகின் ஜன்னலையுமா?

ஷிமே: ஆமான்னு சொல்றேன்ல... எத்தனை தடவ கேப்ப?

தூனியா: கம்ப்யூட்டர் வெலெபித் உச்சியில, காத்தளக்குற குடில்ல இருக்கு. நீ கீழ ஸதார்ல, வீட்டுல உக்காந்துக்கிட்டு அதோட ரிமோட் லாகின் சாப்ட்வேரை புது வெர்ஷனுக்கு மாத்துற. பழைய ஜன்னலை மூடுறதுக்கு முன்னாடி புதுசா ஒண்ணு திறந்து, உள்ள விடுதான்னு பாக்க வேணாமா?

ஷிமே: காபி பொங்கிடுச்சு. எழுந்து போனேன். திரும்பி வந்து... பழக்கதோஷத்துல மூடிட்டேன்.

தூனியா: காபி பொங்கிடுச்சாம்!

ஷிமே: திட்டி முடிச்சியா?

தூனியா: இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. இப்ப என்ன சொல்லுது?

ஷிமே: அனுமதி இல்லைங்குது. பதினஞ்சு வருஷமா லாகினுக்கு இதே சாவி ஃபைல்தான்! இந்த சாப்ட்வேரை எழுதுற புண்ணியவானுங்க இலவசமா குடுக்குறோம்னு குடுத்து...

தூனியா: அவங்களைச் சொல்லாதே. ஒரு காசு வாங்காம உழைக்கிறாங்க. பழைய வகை சாவி இனிமே செல்லாது, மாத்திக்கோங்கன்னு மூணு வெர்ஷனா கத்துறாங்க. கூட வர்ற குறிப்பைப் படிச்சியா?

ஷிமே: அதையெல்லாம் யாரு படிப்பா?

தூனியா: நான் படிப்பேன்! கல்யாணம் ஆன புதுசுலேர்ந்து சாவியை மாத்து, மாத்துன்னு தொண்டை கிழியக் கத்தினேன். விவாகரத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போட்ட அன்னைக்கும் சொன்னேன்.

ஷிமே: வக்கீல் கூட, எந்த வீட்டுச் சாவின்னு கேட்டாரு.

தூனியா: சிரிக்காதே. எனக்கு எதுக்கு போன் பண்ண? இங்க ரியேகாவுல நான் மீன் வறுத்துட்டிருக்கேன்.

ஷிமே: அப்டேட்டுக்காக நிறுத்தின காத்தளவு புரோகிராமும் அப்படியே நிக்குது, உச்சியிலேர்ந்து அளவே வரல. வெளியில மலையிலேர்ந்து இறங்குற குளிர்காத்து, அந்த 'புரா', பேயா அடிக்குது. ஹைவே பாலத்துல வண்டி விடல. மலை மீட்புக்காரங்க காத்தளவு கேட்டு அரை மணிக்கு ஒருதரம் கூப்பிடுறாங்க... பேசாம நானே மேல ஏறிப் போய், அந்தக் கீபோர்டுலயே தட்டிச் சரி பண்ணிட்டு வந்துடலாம்னு பாக்குறேன்.

தூனியா: இந்தக் காத்துலயா? அந்த முட்டியை வச்சுக்கிட்டா? பைத்தியமா உனக்கு?

ஷிமே: நாலு மணி நேரம்தானே...

தூனியா: ஷிமே!

ஷிமே: அப்ப நீதான் திறக்கணும். உன் பேரு... இன்னும் அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கு.

தூனியா: என்னது? அழிச்சுட்டேன்னு சொன்னியே!

ஷிமே: அழிக்கல. உன் சாவி புது வகை, விட்டுடும். வச்சிருக்கியா?

தூனியா: எங்கயாவது கிடக்கும்... தேடணும்.

ஷிமே: தேடேன், ப்ளீஸ்.

தூனியா: கிடைச்சுது.

ஷிமே: அதுக்குள்ளயா?

தூனியா: வாயை மூடு. உள்ள வந்துட்டேன்.

ஷிமே: அம்மா தாயே! அந்தக் காத்தளவு புரோகிராமை மறுபடி ஓட விடு.

தூனியா: ஓடுது... அட கடவுளே. மணிக்கு நூத்தி முப்பத்தெட்டு கிலோமீட்டர். இதுலதான் ஏறப் போனியா?

ஷிமே: ...மீட்புக்காரங்களுக்குச் சொல்லிடுறேன்.

தூனியா: சொல்லிட்டு, புது சாவி செஞ்சு, வெளியில காட்டுற பாதியை மட்டும் அனுப்பு. ரகசியப் பாதியையும் அனுப்பித் தொலைக்காதே.

ஷிமே: அது கூடத் தெரியாதா எனக்கு?

தூனியா: இன்னைக்கு உனக்கு எது தெரியும்னும் நான் நம்ப மாட்டேன்... ம், வந்துடுச்சு. சேத்துட்டேன். இப்ப வந்து பாரு. என் ஜன்னலை நான் மூடல.

ஷிமே: வந்துட்டேன்! உள்ள வந்துட்டேன்!

தூனியா: நல்லது. இப்பவே, நான் பாக்கும்போதே, என் பேரை அழி.

ஷிமே: முடியாது.

தூனியா: ஏன் முடியாது?

ஷிமே: அழிச்சுட்டா, வர்ற ஞாயித்துக்கிழமை எப்படி உள்ள வருவ?

தூனியா: என்ன ஞாயித்துக்கிழமை?

ஷிமே: யாரு உள்ள வந்து போனாலும் பதிவாகும், தூனியா. நாலு வருஷமா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம், ரியேகாவிலேர்ந்து. ரெண்டு நிமிஷம் இருப்ப, எதையும் தொட மாட்ட, போயிடுவ. அதனாலதான் அழிக்கல. அப்படி என்னதான் பாக்குற?

தூனியா: நீ பாக்குற அதே பதிவைத்தான். ஞாயித்துக்கிழமை நீ கருவியெல்லாம் துடைக்க மேல ஏறுவ, பத்திரமா இறங்கி வந்ததும் வீட்டுலேர்ந்து ஒருதரம் உள்ள வந்து பாப்ப. பதிவுல உன் பேரோட அந்த ஒரு வரி வர்ற வரைக்கும் எனக்குத் தொண்டையில சோறு இறங்காது, போதுமா?