பூட்டின அறைக்குள்ள மணி அடிக்குது

வையுங்க சார், அத வையுங்க மொதல்ல! பழைய புத்தகக் கடைன்னா கண்ணுல பட்டதெல்லாம் விக்கிறதுக்குத்தான்னு எவன் சொன்னான் உங்களுக்கு? சமையல் இருக்கு, ஜோசியம் இருக்கு, பரிட்சை கைடு இருக்கு... அத்தனையும் விட்டுட்டு, என் ஸ்டூலுக்கு அடியில, டிபன் பாக்ஸுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சத எப்படி சார் மோப்பம் புடிச்சீங்க?

ஐயோ, அது பேய் பங்களா கதை சார். எந்தக் காலத்துலயோ எழுதினது. மொத நாப்பது பக்கம் மழையும் காத்தும்தான், குடை புடிச்சுக்கிட்டுதான் படிக்கணும்! உங்களுக்குப் புடிக்காது. ஒரு பொண்ணு, கடிகாரம் பழுது பாக்குறவ, ஒரு பெரிய பங்களாவுக்கு வேலைக்கு வருவா. வீடு பூரா கடிகாரம். மேல்மாடியில ஒரு அறை மட்டும் வருஷக்கணக்கா பூட்டியே கெடக்கும். உள்ளாரயிருந்து தெனம் மணி அடிக்கும். டங்... டங்... ஆளே போகாத அறையில அதுக்கு யாரு சாவி குடுக்குறா? சொல்லுங்க! பாத்தீங்களா, கண்ணு விரியுது. இதான் சார் இந்தப் புத்தகத்தோட வம்பே!

போன மாசம் ஒரு காலேஜ் பொண்ணு இதுக்குத்தான் வந்து நின்னா. அவளுக்கு முன்னாடி ஒரு பல் டாக்டர். என்னமோ சொல்லி வெச்ச மாதிரி! ஆகா ஓகோன்னு ஓடின புத்தகமெல்லாம் அடுத்த வருஷமே எடைக்கு வந்துடுது சார். இதுக்கு மட்டும் கிராக்கி கொறைய மாட்டேங்குது. ஏன்னு கேளுங்க... கேக்காட்டியும் சொல்றேன். புத்தகம் எடுக்க நான் வீடு வீடாப் போறவ. எல்லா அலமாரியும் தொறந்து காட்டுவாங்க. ஒண்ண மட்டும், "அத விடுங்கம்மா"ன்னு நைசா மறைச்சுக்கிட்டு நிப்பாங்க. எல்லா வீட்டுலயும் அப்படி ஒண்ணு இருக்கு சார். எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு தகரப் பெட்டி. கல்யாணமானதுலேருந்து பூட்டு தொங்குது. பொறுக்க முடியாம ஒரு நாள் ஒடச்சேன். உள்ள என்ன தெரியுமா? புல்லாங்குழல்! வாசிக்கவும் வராதாம். மனுஷன் வெக்கத்துல ரெண்டு நாள் என் மொகத்தையே பாக்கல. இப்ப சாயங்காலமானா ஊதுறாரு... அந்தப் பெட்டிய ஒடைக்காமலே இருந்திருக்கலாம்!

அட, புத்தகத்த கக்கத்துல வெக்காதீங்க. சொல்றேன்ல, விக்கிறதுக்கில்ல. நான் இன்னும் முடிக்கல சார்! இது எனக்கு நாலாவது காப்பி. அஞ்சாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவ, எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கடைசி அத்தியாயம் வரைக்கும் வருவேன். அந்தக் கடிகாரப் பொண்ணு பூட்டுல சாவியப் போட்டுத் திருப்புவா... கரெக்டா எவனாவது வந்து விலை கேப்பான். எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். தலைதெறிக்க ஓடட்டும்னு ஒரு விலையச் சொல்லுவேன். பாவி, எடுத்து நீட்டிடுவான்! சொன்ன விலைய மாத்தினா அப்புறம் இந்தத் தெருவுல எவன் என்னை மதிப்பான்?

இப்ப உங்களுக்கும் சொல்றேன். இந்த அடுக்கு முழுசுக்கும் என்ன விலையோ, அந்த ஒண்ணுக்கு அவ்வளவு! ஆச்சா? கெளம்புங்க... என்ன சார், பர்ஸ எடுக்குறீங்க? பேரம் பேசுங்க சார்! மனுஷனாப் பொறந்தவன் கொஞ்சமாவது பேரம் பேச வேணாமா?

போச்சு. எல்லாம் என் வாயால வந்தது. சரி, வித்தாச்சு. இப்ப அத உங்ககிட்ட திருப்பி வாங்குறவ நான். குடுங்க பாக்கலாம்... அட்டை கிழிஞ்சிருக்கு, செல்லரிச்சிருக்கு, இத எவன் வாங்குவான்? பாதி விலைக்குத் தாங்க. எதுக்கு தலைய ஆட்டுறீங்க? என் கடையில நின்னுக்கிட்டு என்கிட்டயே முறுக்கிக்கிறீங்களா? பலே ஆளு சார் நீங்க!

சரி, கடைசியா ஒண்ணு. புத்தகம் உங்களுது, ஸ்டூல் என்னுது. உக்காருங்க. கடைசி அத்தியாயத்த மட்டும் சத்தமா படிச்சுட்டுப் போங்க. ஷட்டரப் பாதி எறக்கிடுறேன், எவனும் விலை கேட்டு வரப்படாது. நான் வாயே தொறக்க மாட்டேன், சத்தியமா... இருங்க, இருங்க! இந்தச் செவுத்துக் கடிகாரத்த நிறுத்திட்டு வரேன். நேரங்காலம் தெரியாம அடிச்சு என் உசுர வாங்கிடும்.

ம்... படிங்க.