நாலு மணிக்குள்ள லைன் வேணும்

இல்லண்ணே, பாக்ஸ ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு. நேத்துலேர்ந்து பத்துத் தடவை பண்ணிட்டேன். உங்க நெட்டு ஆபீஸ்ல ஃபோன எடுத்த பொண்ணும் அதையேதான் சொல்லுச்சு. யூடியூப் ஓடுது, வாட்ஸப் ஓடுது. கேமுக்குள்ள போனா மட்டும் ரெண்டு நிமிஷத்துல சர்வர் தொடர்பு போச்சுன்னு எழுத்து வந்து, வெளிய தள்ளிருது.

ஆமா, துப்பாக்கி கேம். வெளாடுறது நாந்தாண்ணே. ஏன், இந்த சபிஹா சோறாக்க மட்டுந்தான் பொறந்தாளா? சிரிக்காதீங்க உத்திராபதிண்ணே.

இந்தாங்க, மேல மூலையில பாருங்க. முந்நூத்தி நாப்பதுன்னு காட்டுதா? அதான் பிங்கு. நான் இங்க சுட்டா அங்க போய்ச் சேர அவ்வளவு நேரம் ஆவுது. நூத்தி இருவதுன்னா சமாளிச்சுருவேன். ஏசியா சர்வருக்கு மாத்துனா கொறையும், தெரியும். மாத்த முடியாதுண்ணே. என்கூட ஜோடி சேந்து ஆடுற ஆளு அரபு நாட்டு சர்வர்லதான் இருக்கான். மொபைல் டேட்டாவா? இந்தத் தெருவுக்குள்ள டவர் ஒரு கோடுதான் காட்டும். கூத்தாநல்லூர்ல உங்களுக்குத் தெரியாததா.

பாக்ஸ் மாமி ரூம்ல இருக்கு, வாங்க. தூங்குறாங்க. காது மந்தம், நாம பேசுனா எழுந்திரிக்க மாட்டாங்க. மாமனார் மௌத்தாயி, அடக்கம் பண்ணி ஏழு மாசமாச்சு, அதுலேர்ந்து பகல்லயும் படுக்கைதான். அடக்கத்துக்குக்கூட மவன் வரலங்கறதுதான் அவங்களுக்குப் பெரிய கொற. எம்பொண்ணோட அத்தா தௌபீக், குவைத்துல சூப்பர்வைசரு. லீவு குடுக்கலயாம். வீடியோலயாவது மவன் அத்தா மொகத்தப் பாத்துக்கட்டும்னு, ஜனாஸா எடுக்குற வரைக்கும் மாமி ஃபோனக் கையில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்க. அவரு தங்குற கேம்ப்ல நெட்டு இல்லன்னு ஒரு மெசேஜ் வந்துச்சு. அங்க எப்பவும் நெட்டு இருக்காதாம். பொண்ணுக்கு ரெண்டரை வயசு. அத்தா எங்கன்னு கேட்டா ஃபோனத்தான் காட்டும்.

என்ன, பீரோவுக்குப் பின்னாடியா? ஒயரு மடங்கிருக்கா? அட, போன வாரம் மாமி கட்டிலப் போட பீரோவ நகத்துனோம். அதான் படம் ஓடுது, கேம் மட்டும் விட்டுவிட்டு வருதா. ஒட்டுப்போட எவ்வளவு நேரமாவும்? இருவது நிமிஷம்னா சரி. நாலு மணிக்கு அந்த ஆளு வந்துருவான்.

நல்லாத்தான் ஆடுவான். நான் குண்டடிபட்டு விழுந்தா ஓடிவந்து தூக்கிவிடுவான். மைக்குல பேச மாட்டேன், எழுதுறதோட சரி. வீட்ல ஆளிருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். அங்க எம்பேரு ஷமீரா. திருச்சியில காலேஜ் படிக்கிறேன். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆவலயாம். ஊர்ல யாருமே இல்லயாம். உம்மாவும் போயிட்டாங்களாம்.

ஏண்ணே அப்புடிப் பாக்குறீங்க? பாதி கேட்டுட்டு முடிவு கட்டாதீங்க.

ஜனாஸா அன்னிக்கு மாமனார் போட்டோ ஒண்ணு வேணும்னாங்க. எம்பொண்ணோட அத்தா வுட்டுட்டுப் போன பழைய ஃபோன்ல இருக்குமேன்னு சார்ஜ் போட்டேன். அதுல இந்த கேமு இருந்துச்சு. கைதவறித் தொட்டுட்டேன். தௌபீக்கோட பேரு வந்துச்சு, கீழயே செவப்புல ஒரு எழுத்து. இந்தக் கணக்கு இப்போது வேறொரு மொபைலில் ஆட்டத்தில் உள்ளதுன்னு. வாசல்ல மாமனார வச்ச சந்தூக்கத் தூக்குறாங்க. அத்தா போறாருன்னா, மவன் அங்க உக்காந்து ஆடிக்கிட்டிருக்காரு. நான் பாத்த மொத கனெக்‌ஷன் எரரு அதாண்ணே.

ஆமா. அந்த ஆளுதான் எம்புருஷன்.

பத்து நாளு அழுதேன். மாமிகிட்ட சொல்லல. பொறவு என் ஃபோன்ல கேம ஏத்துனேன். துப்பாக்கியப் புடிக்கக் கத்துக்கவே ஒரு மாசம் ஆச்சு. இன்னொரு மாசம் அவரு கண்ணுல படுறதுக்கு. பொறவு நான் எதையும் கேக்கல, அவராத்தான் சொன்னாரு எல்லாத்தையும்.

போன வாரம் ஃபோன் போட்டப்ப, இந்த வருஷமும் லீவு இல்லன்னு மாமிகிட்ட அழுதாரு. அன்னிக்கே ஷமீராவுக்கு எழுதுறாரு, நாப்பத்தஞ்சு நாளு லீவு கெடைச்சிருச்சு, வெள்ளிக்கெழம திருச்சியில எறங்குறேன், உன்னத்தான் பாக்க வர்றேன்னு. எந்த பிளைட்டுன்னு இன்னிக்கு நாலு மணிக்குச் சொல்றேன்னாரு. வாட்ஸப்ல கேட்டா என் நம்பரக் காட்டிக்குடுத்துருமே. அதுக்குத்தாண்ணே இந்த லைனு.

பச்ச லைட்டு வந்துருச்சா? நல்லாருப்பீங்க.

வண்டி பேசியாச்சு. ஏர்போர்ட்டுல ஆளுங்க வெளிய வர்ற வாசலுக்கு நேரா மாமிய நாற்காலியில உக்கார வச்சு, புள்ளைய அவங்க மடியில குடுத்துருவேன். நான் கொஞ்சம் தள்ளி நின்னுக்குவேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவரு வந்து அவங்க உம்மாகிட்டயே பேசட்டும்.

மாமிக்கா? ஒண்ணும் தெரியாது. கண்ணு டாக்டரப் பாக்கத் திருச்சி போறோம்னு சொல்லிருக்கேன். காலையிலகூடக் கேட்டாங்க, மருந்து ஊத்துனா ரொம்ப எரியுமான்னு. கொஞ்ச நேரம் எரியும் மாமி, பொறவு நல்லாத் தெரியும்னேன்.