விளக்கைச் சுற்றி ஒரு வட்டம்

— நீ குறுக்க பேசாதடா தம்பி. இந்தக் கடைப் பொண்ணு சொல்லட்டும். உன் பேச்சைக் கேட்டுத்தான் போன வருஷம் ஒரு மானிட்டர் வாங்கினேன். அதான் இன்னிக்கு இந்தக் கதியில வந்து நிக்கறேன்.

— அக்கா, டெக்னிக்கலா பாத்தா நான் வாங்கிக் குடுத்ததுல ஒரு குத்தமும் கிடையாது. மினி எல்இடி. உன் ரூம்ல ஜன்னல் அவ்ளோ பெருசு. மத்தியானம் டியூட்டி முடிஞ்சு வந்து உக்காந்தா வெயில் நேரா மேசை மேல விழுது. அந்த வெளிச்சத்துக்கு அதுதான் ஈடு குடுக்கும்.

— சார், மேடம், ரெண்டு பேரும் முதல்ல உக்காருங்க. வீட்ல இருக்கற மானிட்டர்ல என்ன பிரச்சினைன்னு சொல்லுங்க மேடம். கடையில இருக்கறதைக் காட்டறேன்.

— ஒளிவட்டம்மா.

— புரியலையே மேடம்.

— மழை வர்றதுக்கு முன்னாடி நிலாவைச் சுத்தி ஒரு வளையம் கட்டும் பாத்திருக்கியா? அந்த மாதிரி. கேம்ல குகைக்குள்ள ஒரு தீப்பந்தம் எரியுதுன்னு வெச்சுக்கோ. பந்தம் மட்டும்தானே தெரியணும்? இதுல சுத்தி வெள்ளையா பஞ்சு பஞ்சா தெரியுது. அந்தப் பஞ்சுக்குள்ள எவன் ஒளிஞ்சிருக்கான்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

— ஐயோ, நீங்க ஆடறதுக்கா மேடம்? பையனுக்கு வாங்க வந்திருக்கீங்கன்னு நெனச்சுட்டேன்.

— எனக்கு ஏதும்மா பையன்? பஸ் ஓட்டறேன். இருபத்திரெண்டு வருஷமா டவுன் பஸ். அது போக மிச்ச நேரமெல்லாம் துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு காடு மேடா அலையறேன்.

— எங்கக்காவை லேசுப்பட்ட ஆளுன்னு நெனைக்காதீங்க. டீம்ல அக்காவுக்குப் பேரே கழுகு. எட்டு வருஷமா மலை உச்சியில படுத்துக்கிட்டு ஒத்தைத் தோட்டாவுல ஒருத்தனைச் சாய்க்கறது அக்கா வேலை. நான் கீழ நின்னு ஆள் இருக்கற இடத்தைச் சொல்லுவேன்.

— அதெல்லாம் பழைய கதைடா. போன மாசம் என்ன நடந்துச்சுன்னு இந்தப் பொண்ணுகிட்ட சொல்லு.

— வேணாம் விடுக்கா.

— நானே சொல்றேன். எங்க கேப்டனையே சுட்டுட்டேம்மா.

— கேப்டன்னா கேம்லதாங்க. வெளியில அவர் ஸ்கூல்ல கணக்கு வாத்தியார்.

— மனுஷன் பந்தத்துக்குப் பக்கத்துல போய் நிக்கறாரு. எனக்கு வட்டத்துக்குள்ள ஒரு நிழல் அசையற மாதிரிதான் தெரியுது. எதிரிதான்னு நெனச்சு டமால்னு போட்டுட்டேன். மூணு நாள் மூஞ்சி குடுத்துப் பேசல. நாலாம் நாள் பேசினாரு. என்னன்னு? "இனிமே நீங்க சுட வேணாம், மருந்துப் பெட்டி தூக்கிட்டு வாங்க"ன்னு.

— அச்சச்சோ.

— எட்டு வருஷம் கழுகா இருந்தவ, இப்ப காயம் பட்டவனுக்கெல்லாம் கட்டுப் போட்டுக்கிட்டு பின்னாடியே ஓடறேன். வர்ற ஞாயித்துக்கிழமை பைனல். அதுக்குள்ள எனக்கு வட்டம் இல்லாத கறுப்பு வேணும்.

— அப்ப கண்டிப்பா ஓஎல்இடிதான் மேடம். மினி எல்இடியில திரைக்குப் பின்னாடி ஆயிரக்கணக்குல குட்டிக் குட்டி விளக்கு இருக்கும். ஒண்ணு எரிஞ்சா அக்கம்பக்கமும் கொஞ்சம் வெளுக்கும். ஓஎல்இடியில பின்னாடி விளக்குங்கற பேச்சே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும், தானா அணையும். கறுப்புன்னா அந்த இடம் அணைஞ்சே கிடக்கும்.

— கேட்டியாடா? அணைஞ்சே கிடக்குமாம்.

— அவங்க பாதிதான் சொல்றாங்க. டெக்னிக்கலா பாத்தா மிச்சப் பாதியும் இருக்கு. ஒரே படம் ஒரே இடத்துல மணிக்கணக்கா நின்னா ஓஎல்இடியில தடம் பதிஞ்சுடும். நீ தினம் நாலு மணி நேரம் ஆடறே. மூலையில தோட்டாக் கணக்கு அசையாம நிக்குது. ரெண்டு வருஷம் கழிச்சு நீ சினிமா பாத்தா கதாநாயகி நெத்தியில முப்பதுன்னு எழுதியிருக்கும்.

— நிஜமாவாம்மா?

— சார் சொல்ற அளவுக்கு இப்பல்லாம் இல்ல மேடம். ரொம்ப குறைஞ்சிருக்கு. ஆனா வரவே வராதுன்னு நான் சொன்னா அது பொய்.

— பரவால்ல, உண்மையைச் சொல்றே. நெத்தியில நம்பர் இருந்தா இருந்துட்டுப் போகுது. நான் சினிமா பாக்கறதே வருஷத்துக்கு ரெண்டு.

— வெயிலுக்கு என்ன பண்ணுவே? ஓஎல்இடிக்கு அவ்ளோ வெளிச்சம் வராதுக்கா. ஜன்னல்ல திரை போட்டு மூடிக்கிட்டு இருட்டுல உக்காருவியா?

— நீ லிப்ட் ரிப்பேர் பண்ணப் போறேன்னு நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள்ள கிடக்கறவன். என் ஜன்னலைப் பத்தி உனக்கு என்னடா அவ்ளோ அக்கறை?

— சார், மேடம், எதுக்கு வீண் வாக்குவாதம்? உள்ள ஒரு இருட்டு ரூம் வெச்சிருக்கோம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் காட்டறேன். உங்க கண்ணே தீர்ப்பு சொல்லட்டும். வாங்க. பாத்து, இங்க ஒரு படி இருக்கு.

— எங்க? ஆமாமா.

— கதவைச் சாத்திட்டேன். இடது பக்கம் மினி எல்இடி, வலது பக்கம் ஓஎல்இடி. ரெண்டுலயும் ஒரே படம்தான். முழுக் கறுப்பு, நடுவுல ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. முதல்ல இடது பக்கம் பாருங்க மேடம்.

— இதோ! இதைத்தான்மா சொன்னேன். தட்டு அளவுக்கு வட்டம்.

— தட்டு அளவுக்கா? லேசா ஒரு ஓரம் மாதிரிதான் இருக்கும் மேடம்.

— லேசாவது ஒண்ணாவது. தடிமனா நிக்குது.

— சரி, இப்ப வலது பக்கம் பாருங்க.

— ம்…

— எப்படி மேடம்? சுத்தமா இருக்கா?

— ஏம்மா, எங்கிட்டயே வேலையைக் காட்டறியா?

— என்ன மேடம் சொல்றீங்க?

— இதுலயும்தான் இருக்கு வட்டம். ரெண்டு பெட்டியிலயும் ஒரே சரக்கைப் போட்டு வெச்சுட்டு வேற வேற பேர் சொல்றீங்களா?

— சத்தியமா இல்ல மேடம். அதுல வட்டம் வர வழியே கிடையாது. புள்ளிக்குப் பக்கத்துல இருக்கறது எல்லாமே அணைஞ்சிருக்கு. எரியற பொருளே அங்க இல்ல.

— நான் பாக்கறேனே, இதோ இருக்கே! டேய், நீ வந்து பாரு. நீயே சொல்லு.

— தள்ளுக்கா. ம்… சுத்தக் கறுப்புக்கா. நடுவுல புள்ளி. அவ்ளோதான்.

— இந்தப் பக்கமா நின்னு பாரு.

— எந்தப் பக்கம் நின்னாலும் அவ்ளோதான்கா.

— மேடம், ஒரு நிமிஷம். ரெண்டு மானிட்டரையும் அணைச்சுடறேன். இப்ப ரூம்ல ஒண்ணுமே எரியல. கீழ சுவிட்ச் போர்டுல குண்டூசித் தலை மாதிரி ஒரு சிவப்பு லைட் தெரியுதா?

— தெரியுது.

— அதைச் சுத்தி?

— அதைச் சுத்தியும் இருக்கு, சிவப்பா. இருக்காதா பின்ன? லைட்டுன்னா சுத்தி வட்டம் இருக்கத்தானே செய்யும்?

— அக்கா.

— என்ன?

— எனக்கு இல்லக்கா.

— என்னடா இல்ல?

— எனக்கு எதைச் சுத்தியும் இல்ல.

— ஏன்டா குரலை இப்படி வெச்சுக்கறே? லைட்டைப் போடும்மா. ரெண்டு பேரும் இருட்டுல நின்னு பயமுறுத்தாதீங்க.

— போட்டுட்டேன் மேடம். இந்த நாற்காலியில உக்காருங்க. தப்பா எடுத்துக்காதீங்க, தெருவிளக்கு எப்படித் தெரியுது உங்களுக்கு?

— பூ மாதிரி விரிஞ்சு தெரியும். எல்லாருக்கும் அப்படித்தானே?

— எதிர்ல வர்ற வண்டியோட ஹெட்லைட்?

— அதைக் கேக்காதே. இப்பல்லாம் கண்டவன்லாம் கண்ணு கூசற மாதிரி வெள்ளை லைட் மாட்டிக்கறான். ரோடே மறைஞ்சு போகுது. அது தாங்காமத்தான் மூணு மாசம் முன்னாடி ராத்திரி ஷிப்ட்டை வேற ஒருத்தர்கிட்ட மாத்திக்கிட்டேன்.

— இதை ஏன்கா எங்கிட்ட சொல்லல?

— என்னத்தைச் சொல்றது? லைட் போடறவன் மேல தப்புன்னு நெனச்சேன். அப்புறம் மானிட்டர் மேல. அப்புறம் உன் மேல.

— எங்கப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு மேடம். விளக்கைச் சுத்தி வட்டம், இருட்டுல படி தெரியாது. அது கண்ல புரை. ஆபரேஷன் பண்ணின அன்னிக்கே வீட்டுக்கு வந்துட்டாரு. பயப்பட ஒண்ணுமே இல்ல.

— புரையா? எனக்கு அம்பத்திமூணுதான்மா ஆகுது!

— எங்கப்பாவுக்கு அப்ப நாப்பத்தொம்பது.

— தம்பி.

— சொல்லுக்கா.

— நாளைக்குக் காலையில அஞ்சேகால் பஸ் என்னோடதுடா. இருட்டு விலகியிருக்காது. காய்கறி மார்க்கெட் போறவங்க, ஆஸ்பத்திரி நர்ஸுங்க, நின்னுக்கிட்டே வர்றவங்கன்னு எழுபது பேர் இருப்பாங்க.

— லீவு சொல்லிடலாம். காய்ச்சல்னு சொல்லு.

— காய்ச்சல் மூணு நாள்ல போயிடும். இது போகுமா? உள்ளதைச் சொன்னா வண்டியை விட்டு இறக்கிடுவாங்கடா. டிக்கெட் கவுன்டர்ல உக்கார வெச்சுடுவாங்க. இருபத்திரெண்டு வருஷத்துல ஒரு கீறல் விழ விட்டதில்ல நான்.

— இன்னும் மூணு மாசம் கழிச்சுத் தெரிஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிக்கா.

— யோசிக்கறேன். கேம்ல வாத்தியாரைச் சுட்டதோட போச்சு, ரோட்டுல யாரையும் இடிக்கல… போனைக் குடு. டிப்போ மேனேஜர்கிட்ட நானே பேசறேன். நீ பக்கத்துல நில்லு, போதும். ஏம்மா, உன்னைத் திட்டினதை மனசுல வெச்சுக்காதே. அந்த ஓஎல்இடி…

— இன்னிக்கு உங்களுக்கு நான் எதையும் விக்கப் போறதில்ல மேடம். கண்ணு சரியானதும் வந்து எது வேணும்னு சொல்லுங்க.

— இப்படி வியாபாரம் பண்ணினா உன் முதலாளி உன்னைத் துரத்திடுவாரும்மா.

— முதலாளி எங்கப்பாதான் மேடம்.

* * *

— உள்ள வாடா. அங்கயே நில்லு. வெளிச்சத்துல திரும்பு.

— என்னக்கா இது, போன வாரம் பாத்த மூஞ்சிதானே?

— போன வாரம் ஆபரேஷன் பண்ணின ஒரு கண்ணால பாத்தேன். இன்னிக்குத்தான் ரெண்டாவது கண்ணுக் கட்டையும் பிரிச்சாங்க. அடப்பாவி, இந்தச் சட்டை நீலமா? நான்தான் எடுத்துக் குடுத்தேன், பச்சைன்னு நெனச்சு.

— ரெண்டு வருஷமா பச்சை பச்சைன்னு சொல்லிட்டிருந்தே. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன். டிப்போவுல என்ன சொன்னாங்க?

— டாக்டர் குடுத்த பேப்பரை மேனேஜர் ரெண்டு தடவை படிச்சாரு. இன்னும் ஒரு மாசம் கவுன்டர். அப்புறம் அவங்க டாக்டரும் ஒரு தடவை பாத்துட்டா வண்டி என் கைக்கு. அஞ்சேகால் பஸ் எனக்கேதான்னு எழுதியே வெச்சுட்டாராம். பொய் சொல்லாம வந்து நின்னவங்க நீங்க ஒருத்தர்தான்னு சொன்னாரு. நான் அழல. கண்ல மருந்து விட்டிருந்தாங்க.

— நம்பிட்டேன். வாத்தியார்?

— காலையிலயே போன் பண்ணிட்டாரு. பைனல்ல ரெண்டாவது இடம் வந்ததே நான் அவருக்கு அஞ்சு தடவை கட்டுப் போட்டதாலதானாம். ஆனா மருந்துப் பெட்டியை வேற யார்கிட்டயாவது குடுத்துட்டு மலை ஏறுங்கன்னாரு. உக்காரு, ஒரு ஆட்டம் போடுவோம். அதே குகை.

— கண்ணுக்குச் சிரமம் குடுக்காதே.

— கால் மணி நேரம் ஆடலாம்னு டாக்டரே சொல்லிட்டாங்க. ஜன்னலை மூடாதே, வெயில் அப்படியே இருக்கட்டும். பாரு, இந்த வெயில்லயும் திரை எவ்ளோ பளிச்சுனு இருக்கு! உன் மினி எல்இடியை நான் வாய்க்கு வந்தபடி திட்டினது தப்புதாண்டா.

— டெக்னிக்கலா பாத்தா நான் அப்பவே சொன்னேன்.

— சொன்னே, சொன்னே. வலது பக்கப் பாறைக்குப் பின்னாடி ஒருத்தன். டமால். தூணுக்கிட்ட ஒருத்தன். டமால். கயித்துல தொங்கறானே, அவனும் போயிட்டான்.

— கழுகு வந்துடுச்சு! எனக்கு ஒருத்தனாவது மிச்சம் வைக்கா.

— இரு இரு, சுடாதே. அப்படியே நில்லு. அந்தப் பந்தத்தைப் பாரு.

— என்னக்கா? மறுபடியும் வட்டமா?

— பயப்படாதே, தட்டு அளவுக்கு இல்ல. அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி லேசா, மயிரிழை கனத்துல ஒரு ஓரம். இதுதான் மானிட்டரோட சொந்த வட்டம் போல. இத்தனை நாள் என் வட்டம் இதை மறைச்சிருக்கு. என்ன அழகா இருக்கு! தெரியுதா உனக்கு?

— இல்லையே. ஒண்ணும் இல்லையே.

— கிட்ட வந்து பாருடா.

— கிட்ட வந்தும் ஒண்ணும் தெரியலக்கா. நீ கற்பனை பண்றே.

— ஏன்டா கண்ணை இடுக்கறே? சரி, அங்கயே இரு. மூலையில தோட்டா எத்தனைன்னு போட்டிருக்கு? படி.

— அது… முப்பத்தெட்டு.

— முப்பத்தாறு. எழுந்திரு, செருப்பை மாட்டு. கண் டாக்டர் அஞ்சு மணி வரைக்கும்தான் இருப்பாங்க.