காட்டுப் பங்களாவுக்கு ஓர் ஆணி

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். ஈப்போவில் அரிசி வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள்.

"அக்கா, பழைய ஆணி இருக்கா? வீட்டுக்கு ஒண்ணுன்னு கேட்டு வாரேன்."

"எதுக்குலா?"

"காட்டுப் பங்களாவுல தகரம் பேந்துபோச்சு. மழையில பலகையெல்லாம் உளுத்துப்போகுது."

"துரைமார் வேட்டைக்கு வந்து தங்குன பங்களாதானே? துரையே ஓடிட்டான். அது நின்னா என்ன, விழுந்தா என்ன?"

"என் வீட்டுக்காரரைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடிச்சிட்டுப் போனப்ப, 'தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தொரத்திட்டா அந்தப் பங்களாவுல இரு, அங்கதான் தேடி வருவேன்'னு சொன்னாரு."

வரிசை நகர்ந்தது. அக்கா நகரவில்லை.

"எங்க வீட்டுக்காரரும் சயாம்லதான் இருக்காரு. அவரு சட்டை மாட்டுற ஆணி ஒண்ணு இருக்கு, பிடுங்கித் தாரேன். சட்டையும் தாரேன். அங்கேயே மாட்டி வை."